பாதி விலைக்கு யூசி, டைமண்ட்... மீதிப் பணத்தை யார் கட்டுறாங்க தெரியுமா?

சங்கரன்கோவில் ஆடித்தபசு கூட்டத்துல ஒருத்தர் பக்கத்துல வந்து, "தங்கச் செயின் இருக்கு, பாதி விலைக்குத் தர்றேன்"னு சொன்னா வாங்குவீங்களா? 'திருட்டு நகையா இருக்கும், இல்லைன்னா கவரிங்கா இருக்கும்'னு ஒதுங்கிப் போயிடுவீங்க. அதே மாதிரி ஒரு ஆள் டெலிகிராமிலோ இன்ஸ்டாகிராமிலோ வந்து, "பிஜிஎம்ஐ யூசி பாதி விலை, ஃப்ரீ ஃபயர் டைமண்ட் பாதி விலை"ன்னு சொன்னா மட்டும் கை தானாக ஜிபே பக்கம் போயிடுது. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வியாபாரம்தான்.

விலை எப்படிக் குறையுது?

துப்பாக்கி ஸ்கின், டிரஸ், ராயல் பாஸ் வாங்க உதவும் இந்த யூசி, டைமண்ட் எல்லாத்தையும் உருவாக்குறது கேம் கம்பெனி மட்டும்தான். வேற யார் விற்றாலும் அங்கிருந்துதான் வாங்கியாகணும். கம்பெனியே அவ்வப்போது போனஸ் தரலாம். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் கொஞ்சம் தள்ளுபடியும் தரலாம். ஆனா, முறையா காசு கொடுத்து வாங்குற ஒருத்தரால வருஷம் முழுக்கப் பாதி விலைக்கு விற்க முடியாது. அப்போ மீதிப் பணம் எங்கிருந்து வருது?

பெரும்பாலும் மூணு வழி. ஒண்ணு, திருட்டு கார்டு. யாரோ ஒருத்தரின் கிரெடிட் கார்டு விவரத்தைத் திருடி, அதில் யூசி வாங்கி உங்களுக்கு விற்கிறாங்க. அவங்களுக்கு அசல் செலவே இல்லை. நீங்க கொடுக்கிற 200 ரூபாயும் லாபம்தான். ரெண்டாவது, ரீஃபண்ட் மோசடி. ஆப் ஸ்டோரில் வாங்கிட்டு, 'தெரியாம வாங்கிட்டேன்'னு பணத்தைத் திரும்பக் கேட்பாங்க. மூணாவது வழி ரொம்ப சிம்பிள்: பணத்தை வாங்கிட்டு உங்களை பிளாக் பண்ணிடுறது.

இது வெறும் சந்தேகம் இல்லை. திருட்டு கார்டில் வாங்கிய ஃபோர்ட்நைட் கேமின் வி-பக்ஸ், தள்ளுபடி விலைக்கு விற்கப்படுவதை 2019 ஜனவரியில் பிரிட்டனின் இண்டிபெண்டன்ட் பத்திரிகை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் கேமை நடத்தும் வால்வ் நிறுவனம், புதுசா வாங்கும் பெட்டிச் சாவிகளை ஒருத்தர் இன்னொருத்தருக்கு விற்பதையே நிறுத்தியது. கைமாறும் சாவிகளில் கிட்டத்தட்ட எல்லாமே மோசடிப் பணத்தில் வாங்கியவைன்னு அந்த நிறுவனமே காரணம் சொன்னது.

யூசி வந்துடுச்சே, அப்புறம் என்ன?

சிக்கல் அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்கும். கார்டின் சொந்தக்காரர் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து பேங்கில் புகார் கொடுப்பார். பேங்க் அந்தப் பணத்தைத் திரும்பப் பிடிக்கும். கம்பெனி அந்த யூசி எந்த ஐடிக்குப் போச்சுன்னு பார்க்கும். அது உங்க ஐடி. யூசியைத் திரும்ப எடுத்துக்குவாங்க. நீங்க ஏற்கெனவே செலவு பண்ணியிருந்தா பேலன்ஸ் மைனஸில் போகலாம், ஐடியே பேன் ஆகலாம். இதெல்லாம் நடக்க சில வாரம்கூட ஆகும். 'ஃபிரெண்டு வாங்கினான், ஒண்ணும் ஆகலையே'ன்னு சொல்றவங்களுக்கு இன்னும் அந்த நாள் வரலைன்னுதான் அர்த்தம்.

பாஸ்வேர்டு கேட்டா கிளம்பிடுங்க

ஒரு ஐடிக்கு டாப்-அப் பண்ண, பிளேயர் ஐடி நம்பர் போதும். "லாகின் பண்ணித்தான் ஏத்த முடியும், ஃபேஸ்புக் பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடு"ன்னு கேட்டா, அவங்க விற்க வரலை. உங்க அக்கவுன்ட்டை எடுக்க வந்திருக்காங்க. ஜிமெயில் மூலமா லாகின் பண்றவங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அந்த ஒரு மெயிலில்தான் போட்டோ, கான்டாக்ட், மத்த ஆப்களின் பாஸ்வேர்டு எல்லாம் இருக்கும்.

'ஃப்ரீ டைமண்ட் ஜெனரேட்டர்'னு வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலும் இப்படித்தான். ஃப்ரீ ஃபயரை மத்திய அரசு 2022 பிப்ரவரியில் தடை பண்ணின பிறகு, அந்தப் பெயரில் வெளியிலிருந்து ஏபிகே இறக்குற பழக்கம் பலருக்கு வந்துடுச்சு. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கிற ஒரு போலி ஆப், உங்க பேங்க் ஓடிபியையும் படிச்சிடும்.

அப்பாவோட அக்கவுன்ட்

நம்ம ஊர்ல நிறைய வீட்ல ஒரே ஒரு ஸ்மார்ட்போன், ஒரே ஒரு பேங்க் அக்கவுன்ட். தறிக்கூலி வர்றதும், குழுக் கடன் தவணை போறதும், பையன் கேம் ஆடுறதும் அதே போன்தான். அதனால இங்கே 200 ரூபாய் யூசி, 200 ரூபாயோட நிற்காது.

இப்போ இன்னொரு தூண்டிலும் உண்டு. "யூசி ஃப்ரீ. உன் ஜிபே-க்குக் கொஞ்சம் பணம் வரும், அதை இன்னொரு நம்பருக்கு அனுப்பினா போதும்"பாங்க. அந்தப் பணம் எங்கோ ஏமாந்த ஒருத்தருடையது. அவர் எந்த மாநிலத்தில் புகார் கொடுத்தாலும், பணம் கடந்து வந்த அக்கவுன்ட்டை பேங்க் முடக்கலாம். விசாரணையில் முதலில் வரும் பேர் அப்பாவோடது. முடக்கின அக்கவுன்ட்டை மீட்கிற வரை, கூலிப் பணத்தைக்கூட எடுக்க முடியாமப் போகலாம்.

அப்போ எங்கே வாங்குறது?

கேமுக்குள்ளேயே இருக்கும் ஸ்டோரில் வாங்குங்க. இல்லைன்னா, கம்பெனி தன் இணையதளத்தில் பேர் சொல்லியிருக்கும் இடத்தில் மட்டும் வாங்குங்க. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தப்போ, 18 வயசுக்குக் கீழே இருக்கிறவங்க ஒரு நாளைக்கு 7,000 ரூபாய்க்கு மேல செலவு பண்ண முடியாதுன்னு வரம்பு வெச்சாங்க. வெளியே விற்கிறவருக்கு அப்படி ஒரு வரம்பும் கிடையாது. இன்னொண்ணு, பணம் அனுப்பத்தான் யுபிஐ பின் வேணும். பணம் வாங்க வேண்டாம். "ரீஃபண்ட் வரும், பின் போடு"ன்னு யார் சொன்னாலும் போடாதீங்க.

ஏற்கெனவே மாட்டிக்கிட்டா?

முதல்ல 1930-க்கு போன் பண்ணுங்க. பணம் அடுத்த அக்கவுன்ட்டுக்குத் தாவுறதுக்குள்ள சொன்னாத்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். சைபர்கிரைம்.கவ்.இன் தளத்திலும் புகார் பதியலாம். தென்காசி மாவட்ட சைபர் கிரைம் போலீஸிலும் நேரில் கொடுக்கலாம். சாட் ஸ்கிரீன்ஷாட், யுபிஐ பரிவர்த்தனை எண், அந்த ஆளின் யூசர்நேம் எதையும் அழிக்காதீங்க. ஜிமெயில், ஃபேஸ்புக் பாஸ்வேர்டை மாத்தி, மத்த எல்லா டிவைஸிலிருந்தும் லாக்-அவுட் பண்ணுங்க. பேங்குக்கும் சொல்லிடுங்க.

வீட்ல திட்டுவாங்கன்னு பயந்து பசங்க மறைக்கிற அந்த ரெண்டு நாள்தான் மோசடிக்காரருக்குக் கிடைக்கிற நேரம். பெற்றோரும் கொஞ்சம் யோசிக்கணும். போனைப் பிடுங்கி வைக்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல அதே போனை எடுத்து 1930-ஐ அடிங்க.