காலை நேரத்துக் குரல்

நான் பிறப்பதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்ட ஒரு குரலைப் பற்றி எழுத விழைகிறேன். அது வானொலியில் 'இன்று ஒரு தகவல்' சொன்ன தென்கச்சி கோ. சுவாமிநாதன் அவர்களின் குரல்.

வேளாண்மை பயின்ற அவர், திருநெல்வேலி வானொலி நிலையத்தில் பணியாற்றிவிட்டுச் சென்னை நிலையத்திற்கு வந்தார். 14 ஆண்டுகள் காலைதோறும் சில நிமிடங்கள் தகவல் சொன்னார். 2002-ஆம் ஆண்டு ஓய்வு பெற்ற அவர், 2009 செப்டம்பர் 16 அன்று மறைந்தார்.

அக்குரல் சிற்றூர்களுக்கும் எட்டியதற்கு இயற்பியல் காரணம் உண்டு. சென்னை நிலையத்தின் மத்திய அலை 720 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் ஏறத்தாழ 417 மீட்டர். இத்தகைய நீண்ட அலை நிலத்தைத் தழுவி நெடுந்தூரம் செல்லும். பண்பலையின் அலைநீளமோ சுமார் 3 மீட்டர்தான். அது பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால் அவ்வளவு தூரம் எட்டுவதில்லை.

செவிக்கு எட்டுவது வேறு, நெஞ்சில் நிற்பது வேறு அல்லவா? அவர் முறை எளியது. ஒரு செய்தி, அதை விளக்க ஒரு கதை, முடிவில் ஒரு நகைச்சுவை. கேட்பவர் சிரிப்பார், அவர் சிரிக்கமாட்டார். திண்ணையில் அமர்ந்து பேசுவது போன்ற, அவசரமில்லாத கிராமத்துப் பேச்சு.

என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காலையில் கேட்ட தகவலைக் களையெடுக்கும் பெண்களுக்கு மறுபடி சொல்வாராம். தம் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்வதும் உண்டாம்! அக்குரல் நின்றபோது, நிலையம் மாறிவிட்டதோ என்று முள்ளைத் திருகிப் பார்த்தாராம். பேட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைத்தாராம். ஓய்வு பெற்றுவிட்டார் என்று அப்பா சொன்னதும், "பேசுறதுக்கு என்னய்யா வயசு?" என்று கேட்டாராம்.

சென்ற ஆண்டு வகுப்பில் முதன்முறை கருத்துரை வழங்க எழுந்தேன். புத்தக நடையில் மனப்பாடம் செய்திருந்தேன்; இரண்டாவது வாக்கியத்திலேயே நா வறண்டு நின்றுவிட்டேன். வீட்டில் சொன்னபோது அப்பா, "தென்கச்சி என்ன, வேற பாஷையிலயா பேசுனாரு? நம்ம பேச்சுலயே சொல்லுப்பா" என்றார்.

அடுத்த முறை, எங்கள் ஊர்க் கிணற்று ஏற்றத்தை வைத்தே நெம்புகோலை விளக்கினேன். வகுப்பு சிரித்தது, விளங்கியும் கொண்டது.

அறிவைச் சொல்வதற்கு நம் ஊர்ப் பேச்சு தடையன்று. அவர் குரலை நேரில் கேளாத நான், அவரிடம் கற்ற பாடம் இதுவே.