ஆழ்கடல் குளிரும் கவரத்தியின் குடிநீரும்

எங்கள் தருமபுரி மாவட்டத்திற்குக் கடல் இல்லை. ஆனால் நல்ல குடிநீரின் அருமை இங்குள்ளோர்க்கு நன்கு தெரியும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்ததால்தான், காவிரி நீரைக் குழாய்களில் கொண்டுவரும் ஒகேனக்கல் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

லட்சத்தீவுகளில் ஒன்றான கவரத்தியில் ஆறே கிடையாது. அங்கே மழைநீர், உப்புநீரைவிட எடை குறைந்ததாகையால், நிலத்தடியில் அதன்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் ஏறிவிடும். அம்மக்களுக்குக் கைகொடுத்தது ஆழ்கடலின் குளிர்ச்சி!

குளிர்ந்தால் கனக்கும்

மாணவர்களே, ஒரு கண்ணாடி டம்ளரில் வெதுவெதுப்பான நீரை எடுத்துக்கொள்ளுங்கள். மை கலந்த ஐஸ் நீரை மெல்லச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வண்ண நீர் இழை இழையாக அடியில் இறங்கும். ஏன்? ஒரு லிட்டர் தூய நீரின் நிறை 4° செ.-இல் 1000 கிராம், 30° செ.-இல் ஏறத்தாழ 996 கிராம்தான்.

4° செ.-க்குக் கீழே குளிர்வித்தால் தூய நீர் மீண்டும் விரியும். கடல்நீர் அப்படியன்று. உப்பு இருப்பதால், அது உறையும் நிலையான ஏறத்தாழ -1.9° செ. வரை அடர்த்தி கூடிக்கொண்டே போகும்.

துருவத்திலிருந்து வரும் நீர்

1751-இல் ஹென்றி எல்லிஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர், வெயில் கொளுத்தும் அட்லாண்டிக் பகுதியில் மூடியுள்ள வாளியைக் கயிற்றில் இறக்கினார். கடலின் மேற்பரப்பு 29° செ.; ஏறத்தாழ 1200 மீட்டர் ஆழத்து நீரோ 12° செ.! அந்த நீரைக் குளிப்பதற்கும் பானங்களைக் குளிர்விப்பதற்கும் பயன்படுத்திக்கொண்டார்.

சூடான கடலுக்கடியில் குளிர்நீர் எப்படி வந்தது? அண்டார்க்டிகாவை ஒட்டிய கடல் உறையும்போது, உப்பின் பெரும்பகுதி பனிக்கட்டியில் சேராமல் வெளியேறுகிறது. கடுங்குளிரும் மிகுந்த உப்பும் சேர்ந்த நீர் கனத்து அடியில் மூழ்கி, வடக்கு நோக்கி மெல்ல நகர்கிறது. மேற்பரப்பு நீரோட்டங்களைக் காற்று பெரிதும் இயக்குகிறது. ஆழ்கடல் ஓட்டத்திற்கோ இந்த அடர்த்தி வேறுபாடே முக்கிய காரணம். ஆழத்து உயிர்களுக்கு ஆக்சிஜனைக் கொண்டு செல்வதும் மூழ்கும் நீர்தான்.

எரிபொருளின்றிக் கொதிக்கும் நீர்

சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், 2005-இல் கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் தரும் நிலையத்தை அமைத்தது. ஏறத்தாழ 28° செ. வெப்பமுள்ள மேற்பரப்பு நீரை, காற்றழுத்தம் மிகவும் குறைக்கப்பட்ட அறைக்குள் செலுத்துகிறார்கள். சாதாரணக் காற்றழுத்தத்தில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவான அழுத்தத்தில் அந்நீர் கொதித்து ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய் வழியே ஏற்றப்படும் குளிர்நீர் அந்த ஆவியைக் குளிர்வித்து நன்னீராக்குகிறது. பம்புகளுக்கு மின்சாரம் தேவை. நீரைக் காய்ச்ச விறகோ எண்ணெயோ தேவையில்லை.

350 மீட்டரில் இருப்பது கடலின் அடிமட்ட நீரன்று; இடைப்பட்ட அடுக்கே. ஆயினும் விதி ஒன்றுதான்: கனத்தது கீழே, இலேசானது மேலே.

புவி சூடாகிப் பனி உருகினால், துருவக் கடலின் மேல்நீர் உப்புக் குறைந்து இலேசாகும், மூழ்குவது தளரும், ஆழ்கடலுக்குச் செல்லும் ஆக்சிஜனும் குறையும். அறிவியலார் கவலைப்படுவது இதனால்தான்.

இப்போது ஒரு கேள்வி. இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்த ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில், மை கலந்த ஐஸ் நீரை விட்டால் மூழ்குமா, மிதக்குமா? முதலில் விடையை எழுதுங்கள். பிறகு செய்து பாருங்கள்!