துவர்ப்புக்கும் ஒரு ரகம் வேண்டும்

பெரியநாயக்கன்பாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பால்மாடு வைத்திருப்பவர்களின் தோட்டத்தில் கம்பு நேப்பியர் புல்லைப் பார்க்கலாம். கம்பையும் நேப்பியர் புல்லையும் இனம் சேர்த்து இந்தியாவில் முதன்முதலாக ஒட்டுப்புல் உருவாக்கப்பட்டது கோவையில், 1953-இல். கம்புக்கு 14 குரோமோசோம்கள், நேப்பியருக்கு 28. இரண்டுக்கும் பிறந்த புல்லுக்கு 21. இந்த ஒற்றைப்படைக் கணக்கால் அதற்கு விதை பிடிப்பதில்லை, கரணை ஊன்றித்தான் பெருக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட கோ-4 ரகம், நன்றாகத் தண்ணீர் பாய்ந்தால் ஆண்டுக்கு ஏழு அறுப்பில் ஏக்கருக்குச் சுமார் 150 டன் தரும். கொங்கு நாட்டின் பால் உற்பத்திக்கு இந்தப் புல் எவ்வளவு தாங்கலாக இருக்கிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மீதமுள்ளது மாட்டின் வயிற்றுக்குள் போய் என்ன ஆகிறது என்பது தராசுக்குத் தெரியாது. தீவன ரகங்களை நாம் இனி அங்கேயும் அளந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

மாடு தின்னும் தீவனத்தை முதலில் தின்பவை அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தான். அவை நாரைச் சிதைத்து மாட்டுக்குச் சக்தி தருகின்றன; கூடவே இரண்டு வகையில் வீணடிக்கவும் செய்கின்றன. தீவனத்தில் உள்ள மொத்தச் சக்தியில் 2 முதல் 12 சதவீதம் வரை மீத்தேனாக ஏப்பத்தில் போய்விடுகிறது. புரதத்தையும் சில பாக்டீரியாக்கள் அளவுக்கு மீறி உடைத்து அம்மோனியாவாக்குகின்றன. மிஞ்சும் அம்மோனியா ஈரலில் யூரியாவாகி மூத்திரத்தில் கழிகிறது. காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்கில் ஒரு பங்கு இப்படித்தான் கட்டுத்தரையில் ஓடுகிறது. மேலைநாடுகளில் இதற்கு மோனென்சின் போன்ற மருந்துகளைத் தீவனத்தில் கலந்தார்கள். வளர்ச்சிக்காக இவற்றைத் தருவதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் தடை செய்த பிறகு, செடிகளிலேயே மாற்று கிடைக்குமா என்ற தேடல் தீவிரமானது.

அந்தத் தேடலில் அகப்பட்டது ஹாப்ஸ். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் குளிர்நாட்டுக் கொடி அது. அதன் பெண்பூக்களில் சுரக்கும் மஞ்சள் பிசினில் உள்ள அமிலங்கள் சிலவகை பாக்டீரியாக்களை அடக்குகின்றன; பீர் எளிதில் கெடாமல் இருக்க அதுவும் ஒரு காரணம். அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர் மைக்கேல் ஃப்ளைத், மாட்டின் இரைப்பையில் அம்மோனியாவை மிகுதியாக உண்டாக்கும் பாக்டீரியாக்களையும் அதே அமிலங்கள் அடக்குவதை 2009-இல் காட்டினார். இங்கே நமக்குப் பாடம் ஹாப்ஸ் ரகங்கள் உருவான விதத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் வை கல்லூரியில் எர்னஸ்ட் சால்மன், கனடாவின் மனிடோபாவிலிருந்து வந்த காட்டுக்கொடியின் வாரிசுகளில் பிசின் மிகுந்தவற்றைப் பொறுக்கினார். 1934-இல் வெளியான ப்ரூவர்ஸ் கோல்டு அப்படிப் பிறந்த ரகம். எடையைப் பார்க்காமல், செடிக்குள் இருக்கும் ஒரு வேதிப்பொருளைக் குறிவைத்து நடந்த தேர்வு அது.

ஹாப்ஸை நாம் இங்கே நட வேண்டியதில்லை. நம்மிடம் வேலிமசால் இருக்கிறது. புரதம் மிகுந்த இந்தப் பயறுவகைச் செடியைக் கம்பு நேப்பியரோடு மூன்று வரிசைக்கு ஒரு வரிசை என ஊடுபயிராக்கச் சொல்லி வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. அதன் இலையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. அது புரதத்தைப் பற்றிக்கொண்டு முதல் இரைப்பையில் உடையாமல் காத்து, அடுத்த கட்டத்தில் விடுவிக்கிறது. இதே இனச்செடிகளை வடக்கு ஆஸ்திரேலியாவில் மேய்ச்சலுக்கு வளர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். தரங்குறைந்த காய்ந்த புல்லோடு கொடுத்தபோது மீத்தேன் குறைந்தது. தீவனம் முன்பே நல்ல தரமாக இருந்தபோது அப்படிக் குறையவில்லை. கோடையில் சோளத்தட்டையும் வைக்கோலையும் நம்பியிருக்கும் நம் மாடுகளுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் சேர்ந்தே நிற்பதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். துவர்ப்பான வேலங்காய் அங்கே ஆட்டுக்குத் தீனி.

டானின் செரிமானத்தைக் கெடுக்கும் பொருள் என்றுதானே பாடப்புத்தகம் சொல்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உலர்எடையில் 5 சதவீதத்தைத் தாண்டினால் பொதுவாக மாடு தின்பதும் குறைகிறது, செரிப்பதும் குறைகிறது. அதற்குக் கீழே, மிதமான அளவில் பெரும்பாலும் நன்மை செய்கிறது. அளவு இவ்வளவு முக்கியம் என்பதால்தான் ரகத் தேர்வு தேவை என்கிறேன். செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும் டானினை விவசாயி எப்படி நிதானிப்பார்? இது நம் ஆய்வாளர்களுக்குப் புதிய வேலையும் இல்லை. கோ-4 புல்லைத் தேர்ந்தெடுத்தபோதே, சுண்ணாம்புச் சத்தைத் தடுக்கும் ஆக்சலேட் குறைவாக இருப்பதைப் பார்த்துத்தான் எடுத்தார்கள்.

கடையில் பொடி வாங்கிக் கலந்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடற்செயலியல் நிறுவனம், டானின் மிகுந்த தாவரங்களைக் கொண்டு ஹரித் தாரா என்ற கலவையை உருவாக்கியிருக்கிறது. மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் வரை குறைப்பதாக அந்நிறுவனம் தெரிவித்துள்ளது. அடர்தீவனம் கலக்கும் பெரிய பண்ணைக்கு அது சரி. இரண்டு மாடு வைத்து, பாலின் கொழுப்பு அளவைப் பார்த்துக் கிடைக்கும் பணத்தில் வண்டி ஓட்டுபவருக்கு மாதாமாதம் இன்னொரு பை வாங்குவது பாரம். வரப்பில் நிற்கும் செடிக்கு அந்தச் செலவு இல்லை. அதோடு ஒட்டுப்புல்லைப் போலன்றி வேலிமசால் விதையில் வளர்வது. வெந்நீரில் நேர்த்தி செய்து விதைத்தால் 90 நாளில் முதல் அறுப்பு, பிறகு 40 நாளுக்கு ஒன்று.

நூற்றுக்கணக்கான செடிகளை மாட்டுக்குத் தின்னக் கொடுத்துச் சோதிக்க எத்தனை ஆண்டு ஆகும் என்ற தயக்கமும் இருக்கலாம். முதல் சல்லடைக்கு மாடு தேவையில்லை. இலைப்பொடியை இரைப்பை நீரோடு கண்ணாடிக் குழாயில் வைத்து, 24 மணி நேரத்தில் வெளியாகும் வாயுவை அளக்கும் முறை ஜெர்மனியின் ஹோஹன்ஹைமில் 1970-களிலேயே உருவாகிவிட்டது. வாயுவில் மீத்தேனின் பங்கையும் நீரில் அம்மோனியாவையும் கூடவே பார்த்துவிடலாம். அதில் தேறும் சில செடிகளை மட்டும் சோளத்தட்டோடு சேர்த்துக் கறவை மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தால் போதும். கோவையிலேயே பயிர் இனவிருத்தி ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்த இரு தரப்பும் ஒரே திட்டத்தில் அமர வேண்டும்.