குளிர்காலமும் காடை வளர்ப்பும்

வேட்டைப் பறவையாக அறியப்பட்ட காடை இன்று பண்ணைப் பறவையாகவும் விளங்குகிறது. ஜப்பானியக் காடை 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து கொணரப்பட்டு, உத்தரப் பிரதேசத்தில் பரேலி நகரை அடுத்த இஜத்நகரில் வளர்க்கப்பட்டது. அங்கு 1979-இல் நிறுவப்பட்ட மத்தியப் பறவையின ஆராய்ச்சி நிலையம் அதன் இன அபிவிருத்திக்கான பணிகளை மேற்கொண்டது.

கங்கைச் சமவெளியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூடுபனி சூழ்வதும், இரவில் உஷ்ணநிலை 5 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கு இறங்குவதும் உண்டு. அக்காலத்தில் குஞ்சுகள் மடிவதற்குக் குளிர் ஒன்றே காரணம் எனக் கருதுவது பிழையாகும். குளிருக்கு அஞ்சிச் செய்யும் காரியங்களாலும் அவை மடியக்கூடும்.

17 அல்லது 18 நாள் அடைவைத்தபின் வெளிவரும் காடைக் குஞ்சின் எடை சுமார் 7 அல்லது 8 கிராமே. உடல் சிறுக்கச் சிறுக்க, எடையை நோக்க அதன் மேற்பரப்பு மிகுகிறது. உடலின் உஷ்ணம் மேற்பரப்பின் வழியாக வெளியேறுவதால், கோழிக் குஞ்சைவிடக் காடைக் குஞ்சு விரைவில் குளிர்ந்துவிடும். ஆதலால் முதல் வாரத்தில் அதனைச் சுற்றி 35 முதல் 37 டிகிரி வரை உஷ்ணம் இருத்தல் வேண்டும். பின்னர் வாரந்தோறும் சுமார் 3 டிகிரி குறைத்து வரலாம். குஞ்சுகள் விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கினால் உஷ்ணம் போதவில்லை என்பது பொருள். அடியில் அகப்பட்டவை மூச்சுத் திணறி இறக்கும். விலகி நின்று வாய் திறந்து மூச்சு வாங்கினால் உஷ்ணம் மிகுதி. நனைந்த குஞ்சு எளிதில் விறைத்துவிடுமாதலால், தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் பரப்புவது நலம்.

வாடைக் காற்றைத் தடுக்கச் சன்னல்கள் யாவற்றையும் அடைத்துவிடுவது மற்றோர் ஆபத்தை விளைவிக்கிறது. பறவைகளின் மூச்சிலிருந்து வரும் நீராவி வெளியேற வழியின்றித் தரையில் பரப்பிய உமி ஈரமாகிறது. ஈரத்தில் எச்சம் சிதைந்து எழும் அம்மோனியா வாயு கண்களையும் சுவாசக் குழாயையும் புண்படுத்துகிறது. அடைத்த கொட்டகையில் கரியடுப்பு மூட்டினால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு சேரும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பறவைகளுக்கு மட்டுமன்றி, உள்ளே உறங்கும் காவலாளியின் உயிருக்கும் அது கேடாகும். ஆகவே காற்று வீசும் பக்கத்தில், பறவைகள் இருக்கும் உயரம்வரை சாக்குத் திரை கட்டி, கூரையை ஒட்டிய திறப்புகளை மூடாமல் விடுவதே முறை. ஈரமான உமியை உடனுக்குடன் அகற்ற வேண்டும்.

வளர்ந்த காடைகள் குளிரை ஓரளவு தாங்கும். உடல் உஷ்ணத்தைக் காக்க அவை அதிக தீவனம் உட்கொள்ளும். எனினும் முட்டை குறைகிறது. பகல் சுருங்குவது இதற்கு முக்கிய காரணமாகும். டிசம்பர் இறுதியில் பரேலியில் பகற்பொழுது சுமார் பத்தரை மணி நேரமே. ஒளி பறவையின் மூளையைத் தூண்ட, அங்கிருந்து செல்லும் ஹார்மோன்கள் முட்டைப்பையை இயக்குகின்றன. விடியுமுன்னும் அந்திக்குப் பின்னும் விளக்கேற்றி, நாள்தோறும் தவறாமல் சுமார் 16 மணி நேர வெளிச்சம் அளித்தால் முட்டையிடுதல் தடைப்படாது.

உஷ்ணம், உலர்ந்த காற்று, ஒளி ஆகிய மூன்றும் ஒருங்கே தேவை. ஒன்றைக் காக்கும் பொருட்டு மற்றொன்றைக் கைவிடாத பண்ணையாளருக்குக் குளிர்காலத்தில் பெரும் நட்டம் நேராது.