நாய் ‘மியாவ்’ என்று கத்துமா?

மீன் மரத்தில் ஏறுகிறது. பூனை குடை பிடித்துக்கொண்டு கடைக்குப் போகிறது. யானை தொட்டிலில் உறங்குகிறது! இத்தகைய படப் புத்தகங்களைப் பார்த்துப் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. ‘உலகை உள்ளபடி அறிய வேண்டிய வயதில் பொய்யைக் கற்பிக்கலாமா?’ என்று அவர்கள் கேட்கிறார்கள். இதே கேள்வி 1928-இல் சோவியத் நாட்டில் பெரும் விவாதமாக எழுந்தது.

கர்னேய் சுக்கோவ்ஸ்கி (1882–1969) ரஷ்யக் குழந்தைகளின் அன்புக்குரிய எழுத்தாளர். தெருவில் உலாவிப் புகை பிடிக்கும் முதலையைப் பற்றி அவர் பாடிய கதை, 1917-இல் ஒரு சிறுவர் இதழில் தொடராக வெளிவந்தது. பின்னர் வேடிக்கைப் படங்களுடன் நூலாகவும் வந்தது. கல்வித் துறையில் செல்வாக்குப் பெற்றிருந்த குரூப்ஸ்கயா அம்மையார் (லெனினின் துணைவியார்) 1928 பிப்ரவரியில் ‘பிராவ்தா’ நாளேட்டில் இந்நூலைக் கண்டித்து எழுதினார். முதலையின் உண்மையான வாழ்க்கையை அறிய வேண்டிய குழந்தைக்கு வெறும் பிதற்றலே கிடைக்கிறது என்பது அவர் குறை. அடுத்த மாதமே மாக்சிம் கார்க்கி அதே ஏட்டில் சுக்கோவ்ஸ்கிக்கு ஆதரவாக எழுதினார்.

பிதற்றல் குழந்தையைக் குழப்புகிறதா? சுக்கோவ்ஸ்கிக்கு இதற்கான விடை தம் வீட்டிலேயே கிடைத்திருந்தது. இரண்டு வயது நிரம்பாத அவருடைய மகள் ஒருநாள் குறும்புப் பார்வையுடன் வந்து, நாய் ‘மியாவ்’ என்று கத்துவதாகக் கூறினாள். தந்தை அதைத் திருத்தப் பார்த்தார். அவளோ சிரித்தாள். அது விளையாட்டு என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கிற்று. சேவலும் ‘மியாவ்’ என்றுதான் கத்தும் என்று அவரும் சேர்ந்துகொண்டார். குழந்தைக்கு ஆனந்தம் தாங்கவில்லை!

அவள் ஏன் சிரித்தாள்? நாய் குரைக்கும், பூனைதான் ‘மியாவ்’ என்னும் என்பது அவள் புதிதாகக் கற்ற பாடம். அந்தப் பாடம் மனத்தில் உறுதிப்பட்ட பின்னரே அதைத் தலைகீழாக்கிப் பார்க்கும் துணிவு பிறக்கிறது. கூட்டல் கணக்கைக் கழித்துச் சரிபார்க்கிறோம் அல்லவா? அதுபோலவே குழந்தை தன் அறிவைச் சரிபார்த்துக்கொள்கிறது. ‘இது தவறு, தவறு என்பது எனக்குத் தெரியும்’ என்ற பெருமிதமே அந்தச் சிரிப்பு. குழந்தைகளைப் பற்றிய தம் ஆராய்ச்சிகளைச் சுக்கோவ்ஸ்கி 1928-இல் நூலாக வெளியிட்டார். 1933 முதல் அது ‘இரண்டிலிருந்து ஐந்து வரை’ என்ற பெயரில் வந்தது. தலைகீழ்ப் பாடல்கள் உண்மையைப் பற்றிய உணர்வை மேலும் வலுப்படுத்துகின்றன என்பது அவர் கண்ட முடிவு.

அவருடைய ‘குழப்பம்’ என்னும் கதைப் பாடலில் பூனைக்குட்டிகள் பன்றிக்குட்டிகளைப் போல் உறுமுகின்றன. வாத்துகள் தவளைகளைப் போல் கத்துகின்றன. நரிகள் தீக்குச்சி கிழித்துக் கடலுக்கே தீ வைக்கின்றன! முடிவில் ஒரு வண்ணத்துப்பூச்சி சிறகடித்துத் தீயை அணைக்கிறது. விலங்குகளும் தத்தம் குரலுக்கு மகிழ்ச்சியுடன் திரும்புகின்றன. கலைந்த உலகம் மீண்டும் ஒழுங்காகிவிடுகிறது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. சரியானதை அறியாத குழந்தைக்குத் தவறு வேடிக்கையாகத் தோன்றாது. நீரும் நெருப்பும் எத்தகையவை என்று தெரியாத குழந்தை, எரியும் கடலின் படத்தைப் பார்த்துச் சிரிக்காது. ஆகவே கோமாளித்தனமான படப் புத்தகம் உண்மை அறிவுக்குப் பகையன்று. அந்த அறிவின் மேல்தான் அது நிற்கிறது.

அடுத்த முறை உங்கள் வீட்டுக் குழந்தை ‘பசு பறக்கிறது!’ என்று சொன்னால் உடனே திருத்த வேண்டாம். முதலில் அதன் முகத்தைப் பாருங்கள். கண்ணில் குறும்பு தெரிந்தால் அது பாடத்தை நன்றாகவே கற்றிருக்கிறது. குறும்பு தெரியாவிட்டால், பசுவைக் காட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நேரம் அதுவே.