பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கலாமா?

நல்லூர்ப் பகுதியில் எமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. பத்து வயது மகனுக்குத் திக்குவாய். வகுப்பிலே உடன் மாணவர் அவனைப் போலப் பேசிக் காட்டி நகைப்பர். ஒரு திங்கட்கிழமை காலை, சீருடை அணிந்த பின்னரும் பையன் படலையைத் தாண்ட மறுத்துவிட்டான். தகப்பனார் பட்டதாரி. “நானே வீட்டில் படிப்பிக்கிறேன், அரசாங்கம் என்ன செய்யும்?” என்றார். தாயாரோ கலங்கி, “அண்ணை, இது சட்டத்துக்கு மாறோ? விதானையார் வந்து கேட்டால் என்ன சொல்லுறது?” என்று எம்மிடம் வினவினார்.

கேள்வி நியாயமானதே. பழைய நாளில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் ஆசிரியர் வீட்டுத் திண்ணையிலேதான் ஏடு தொடங்கினர். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோதும், அதற்கு முன் மிஷனரிமார் பாடசாலைகளை நிறுவியபோதும், பிள்ளையை அனுப்புவதும் விடுவதும் பெற்றோர் விருப்பமாகவே இருந்தது.

இன்று நிலைமை வேறு. 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம், பாடசாலை வரவைக் கட்டாயமாக்கும் விதிகளை ஆக்க இடமளித்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆயினும் நாடு முழுவதற்குமான கட்டாய வரவு விதிகள் 1997இலேதான் ஆக்கப்பட்டன. சட்டப் புத்தகத்தில் ஓர் ஏற்பாடு ஐம்பத்தெட்டு ஆண்டுகள் உறங்கியது வியப்புக்குரியதே! ஐந்து முதல் பதினான்கு வயது வரை என்றிருந்த எல்லை, 2016இல் பதினாறு வயது வரை உயர்த்தப்பட்டது.

எனினும் அவ்விதியில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. பிள்ளையின் கல்விக்குப் போதியதும் பொருத்தமானதுமான வேறு ஏற்பாட்டைப் பெற்றோர் செய்திருந்தால், பாடசாலைக்கு அனுப்பும் கடமை அவரைக் கட்டுப்படுத்தாது. ஆகவே வீட்டில் கற்பித்தல் தன்னளவிற் குற்றமன்று. ஆனால் ‘வீட்டுப் பள்ளி’ எனத் தனிச் சட்டம் ஒன்றும் இந்நாட்டில் இல்லை. எனவே ஏற்பாடு போதியதுதான் என்று காட்டவேண்டிய பாரம் நடைமுறையிற் பெற்றோர் தலையிலேயே விழுகிறது. பாடக் குறிப்பு, பிள்ளையின் பயிற்சிக் கொப்பிகள், நோயாயின் வைத்தியச் சான்று ஆகியவற்றைத் திகதியிட்டு வைத்திருத்தலும், வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் அறிவித்தலும் புத்திசாலித்தனம். பாடசாலை வரவுக் குழுக்கள் கிராம மட்டத்திலேயே அமைவன. ஆதலால் விதானையார் வந்து விசாரித்தால் அவரைப் பகைவராக எண்ணவேண்டியதில்லை.

இன்னொன்று. சொந்தப் பிள்ளைக்குக் கற்பிப்பது வேறு. அயலவர் பிள்ளைகளையும் சேர்த்துப் பள்ளியாக நடத்துவது வேறு. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம், ஐந்து முதல் பதினான்கு வயதினர்க்குப் புதிய தனியார் பாடசாலை தொடங்குவதைத் தடுக்கிறது. மாலை ரியூசன், பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கு மேலதிக உதவியேயன்றிப் பாடசாலைக்கு ஈடாகாது.

பிற நாடுகளில் வழக்கம் பலவாறாக உள்ளது. இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுச் சட்டந்தொட்டே பாடசாலைக்கு வெளியே கற்பிக்கப் பெற்றோருக்கு இடமுண்டு. ஜெர்மனியிலோ பள்ளிக்குப் போயே ஆகவேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

பரீட்சை பற்றியும் யோசிக்கவேண்டும். க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். ஆனால் ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரிசில், விளையாட்டுப் போட்டி, தமிழ்த்தினப் போட்டி முதலியன பாடசாலை வழியாகவே கிடைப்பன.

இவற்றையெல்லாம் கேட்ட தகப்பனார் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “அவனைச் சிரிச்சவங்களுக்குச் சட்டம் இல்லையோ?” என்றார். எம்மிடம் விடை இல்லை. மூன்று மாதம் வீட்டிலேயே கணக்கும் தமிழும் நடந்தன; கொப்பிகளில் திகதியும் இடப்பட்டது. தை மாதத்தில் பையனை அயலிலுள்ள சிறிய பாடசாலை ஒன்றிற் சேர்த்தனர். வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள். திக்கு இன்னும் இருக்கிறது. காலையில் கரும்பலகை துடைக்கும் வேலையை ஆசிரியை அவனிடம் கொடுத்திருக்கிறார். அதற்காக மணியடிக்கு முன்னரே படலையைத் தாண்டிவிடுகிறானாம்.