வேட்டி கட்டினா 'நோ என்ட்ரி'யா?

ஆடித்தபசு வந்துட்டா சங்கரன்கோவில்ல ஜீன்ஸ் பார்ட்டிங்ககூட பீரோவைக் குடைஞ்சு வேட்டியைத் தேடுவாங்க. கோயில், கல்யாணம்னு கம்பீரமா கட்டுற அதே வேட்டியை சென்னையில சில கிளப் வாசல்கள்ல மறிச்ச கதை தெரியுமா ஃப்ரெண்ட்ஸ்?

அடையாறு ஆத்தங்கரையில ஒரு வெள்ளை மாளிகை. உச்சியில குவிமாடம். 18-ம் நூற்றாண்டு கடைசியில ஜார்ஜ் மௌப்ரேங்கிற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி கட்டினது. அவர் பேர்ல இருந்த மௌப்ரேஸ் ரோடுதான் இன்னிக்கு டி.டி.கே. ரோடு. 1890-ல தொடங்கின அடையாறு கிளப் இந்த மாளிகைக்குக் குடிவந்துச்சு. 1963-ல அதோட மெட்ராஸ் கிளப் இணைஞ்சு, இப்ப மெட்ராஸ் கிளப்போட வீடே இதுதான்.

மெட்ராஸ் கிளப் பிறந்தது 1832-ல. நூறு வருஷத்துக்கும் மேல வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தான் மெம்பர்ஷிப். நம்மாளுங்களுக்குக் கதவு திறந்ததே 1960-களில்தான்! அதுக்காக இந்தியர்கள் கையைக் கட்டிக்கிட்டு நிக்கலை. ரெண்டு தரப்பும் கலந்து பழகணும்னே 1873-ல காஸ்மோபாலிட்டன் கிளப் வந்தாச்சு.

ஒரு சூப்பர் ட்விஸ்ட்... மவுன்ட் ரோடு பக்கம் மெட்ராஸ் கிளப் முதல்ல இருந்த இடம் பின்னாடி எக்ஸ்பிரஸ் எஸ்டேட் ஆச்சு. 2010-லிருந்து அங்கே எக்ஸ்பிரஸ் அவென்யூ மால். ஒரு காலத்துல இந்தியர்கள் உறுப்பினரா நுழைய முடியாத மண்ணுல, இன்னிக்கு பாக்கெட்ல பத்து ரூபாகூட இல்லாம ஏ.சி. வாங்கிட்டு வரலாம்!

நிறத்தடை போனாலும் டிரெஸ் தடை போகலை. 2014 ஜூலையில, சேப்பாக்கத்துல இருக்குற தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்புக்கு ஒரு புத்தக விழாவுக்காகப் போனார் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன். உடுத்தியிருந்தது வேட்டி. உள்ளே விடலை! சட்டசபை வரைக்கும் சூடு கிளம்பிச்சு. அடுத்த மாசமே சட்டம் ரெடி. வேட்டியோ, வேற இந்தியப் பாரம்பரிய உடையோ உடுத்தி வர்றவரை கிளப், சங்கம் எதுவும் அந்தக் காரணத்துக்காகத் தடுக்கக் கூடாது. மீறினா கிளப்போட லைசென்ஸே ரத்தாகலாம். பொறுப்பாளருக்கு ஒரு வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் வரை அபராதம்.

'எங்க கிளப், எங்க ரூல்'னு சொல்றவங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கே பாஸ்? தனியார் இடத்துல யாரைச் சேர்க்கறதுன்னு அவங்கதானே முடிவு பண்ணணும்? கரெக்ட். சட்டமும் உங்களை மெம்பராக்கச் சொல்லலை. விருந்தாளியா வர்றவரோட உடையை வச்சு அவமானப்படுத்தாதேன்னுதான் சொல்லுது.

ஆக, வேட்டிக்கு வழி கிடைச்சாச்சு. மெம்பர்ஷிப்? அதுக்கு இன்னும் உள்ளே இருக்குற ஒருத்தர் உங்க பேரை முன்மொழியணும். இந்தக் கதவை எந்தச் சட்டமும் திறக்காது. அந்தக் கிளப்புக்குள்ளேயே போயாகணுமா, இல்லே 1873-ல செஞ்ச மாதிரி எல்லாருக்கும் கதவு திறந்த ஒண்ணை நாமளே ஆரம்பிக்கணுமா? கேன்டீன் டேபிள்ல இன்னிக்கே பேச ஆரம்பிங்க!